அணைக்கும் பொத்தான் யார் கையில்?

"திறன்பேசி வரமா சாபமா?" என்ற தலைப்பில் கட்டுரை எழுதாத மாணவர் நம்மிடையே அரிது. அதைத் திருத்தாத ஆசிரியரும் அரிது. பெரும்பாலான கட்டுரைகள் ஒரே வரியில்தான் முடியும்: "மாணவர்கள் சுயக்கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த வேண்டும்." சரிதான். ஆனால், அந்தக் கட்டுப்பாட்டுக்குத் திறன்பேசி எவ்வளவு இடம் கொடுக்கிறது? செயலிகள் விடாமல் அனுப்பும் அறிவிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு இதைக் கொஞ்சம் பார்ப்போம்.

"டிங்னு ஒரு சத்தம்தானே, எடுத்துப் பார்க்காம இருந்தா போச்சு" என்று நீங்கள் சொல்லலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. உன்னிப்பான கவனம் தேவைப்படும் ஒரு பணியைச் சிலர் செய்துகொண்டிருந்தபோது அவர்களின் கைப்பேசிக்கு அழைப்போ குறுஞ்செய்தியோ அனுப்பப்பட்டது. கைப்பேசியை எடுத்துப் பார்க்காதபோதும் அவர்கள் செய்த பிழைகள் கூடின. ஆக, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு மன உறுதி மட்டும் போதாது. சத்தம் வராமலே இருக்க வேண்டும்.

அப்படிச் செய்ய வசதி இருக்கிறதா? இருக்கிறது, படிப்படியாக வந்தது. ஐபோன் செயலிகள் அறிவிப்பு அனுப்பும் முன் அனுமதி கேட்பது பழைய வழக்கம். ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவியதுமே அறிவிப்பு வரத் தொடங்கிவிடும். அனுமதி கேட்கும் முறை 2022இல் ஆண்ட்ராய்டு 13உடன்தான் வந்தது.

விரலால் தள்ளினாலும் போகாத அறிவிப்பு ஒன்று உண்டு. அதன் தொடக்கம் நல்ல நோக்கம்தான். பாட்டு ஓடுகிறது, வரைபடம் வழி காட்டுகிறது என்றால், பின்னணியில் ஒரு செயலி வேலை செய்வது உங்களுக்குத் தெரிய வேண்டும். மின்கலமும் தரவும் உங்களுடையவை அல்லவா? ஆனால், ஒட்டிக்கொண்டே நிற்கும் இந்த இடத்தைச் சில செயலிகள் விளம்பரப் பலகையாக்கிக்கொண்டன. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14, இவற்றில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட அனுமதித்தது. அழைப்பு போன்ற சில மட்டும் விதிவிலக்கு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: தள்ளினால் போவது அறிவிப்பு மட்டுமே, பின்னால் நடக்கும் வேலை நிற்காது.

இதுவரை பாராட்டலாம். என் குறை இனிமேல்தான்.

2017இல் ஆண்ட்ராய்டு 8 அறிவிப்புகளை வகைவகையாகப் பிரித்தது. ஒரே செயலியில் "செய்திகள்" வேண்டும், "சலுகைகள்" வேண்டாம் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஒரு வகையை நீங்கள் அணைத்துவிட்டால் செயலி தானாக அதைத் திறக்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால், எந்த அறிவிப்பு எந்த வகையில் வரும் என்று முடிவு செய்வது யார்? செயலியை உருவாக்கியவர்தான். வகைக்குப் பெயர் வைப்பவரும் அவர்தான். ஒரு மின்பணப்பைச் செயலி "உங்கள் கணக்கிலிருந்து 50 ரிங்கிட் செலுத்தப்பட்டது" என்பதையும் "இன்று மட்டும் மலிவு விற்பனை!" என்பதையும் "பொது" என்ற ஒரே வகையில் அனுப்பினால், நீங்கள் என்ன செய்வீர்கள்? அணைத்தால், வேறு யாரோ உங்கள் பணத்தை எடுக்கும்போது தெரியாமல் போகும். அணைக்காவிட்டால் மலிவு விற்பனை நாள் முழுக்கக் கதவைத் தட்டும். பயந்துகொண்டு திறந்தே வைப்போம். பொத்தான் நம் கையில் இருந்தும் அழுத்த முடியவில்லை.

ஐபோனில் இப்படி வகை பிரிக்கும் பொது ஏற்பாடே இல்லை. அந்தந்தச் செயலிக்குள் போய்த் தேட வேண்டும், அங்கே இருந்தால் உண்டு. விளம்பர அறிவிப்புக்கு இருந்த தடையையும் ஆப்பிள் 2020இல் தளர்த்தி, பயனர் வெளிப்படையாகச் சம்மதித்தால் அனுப்பலாம் என்றது. அவசரத்தில் "சரி" என்று தட்டுவதும் சம்மதக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

"அமைப்புகள் எல்லாம் இருக்கே, தேடாதது உங்க குற்றம்" என்பது நிறுவனங்களின் பக்கம் நிற்பவர்கள் சொல்லும் வாதம். பாதி உண்மை. வந்த அறிவிப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஆண்ட்ராய்டில் அந்த வகையை அங்கேயே அணைக்கலாம். இது பலருக்குத் தெரியாது, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். படிக்கும் நேரத்தில் "தொந்தரவு செய்ய வேண்டாம்" முறையைப் போட்டு, பெற்றோரின் அழைப்புக்கு மட்டும் வழி விடலாம். ஐபோனில் 2021 முதல், முக்கியமில்லாத அறிவிப்புகளைக் குறித்த நேரத்தில் மொத்தமாகப் பெறும் வசதியும் உண்டு. ஆனால், விளம்பரத்தை வேறு பெயரில் அனுப்புகிறவரைப் பயனரின் தேடல் தடுக்காது. விளம்பரத்துக்குத் தனி வகை கட்டாயம், தொடக்கத்தில் அது அணைந்தே இருக்க வேண்டும் என்று விதி வந்தால்தான் கட்டுப்பாடு முழுமையாகும்.

மாணவர்களே, அடுத்த முறை இந்தத் தலைப்பு வந்தால் "சுயக்கட்டுப்பாடு" என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். பயனரின் பொறுப்பு எது, தயாரித்தவரின் பொறுப்பு எது என்று இரு பத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுக் கொடுங்கள். கருத்து அங்கேதான் ஆழம் பெறும்.

ஆசிரியர்களே, நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. வகுப்பின் புலனக் குழுவைத் திறந்து பாருங்கள். தேர்வு அட்டவணை, காலை வணக்கப் படம், வீட்டுப்பாடம், யாரோ அனுப்பிய காணொலி, எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். அட்டவணையைத் தவறவிடுவோமோ என்ற பயத்தில் மாணவன் குழுவை ஊமையாக்க மாட்டான். இரவு பதினொரு மணிக்கும் மணி அடிக்கும். செயலி நிறுவனத்திடம் நாம் காணும் அதே குறைதான் இது. ஆசிரியர் மட்டும் எழுதக்கூடிய அறிவிப்புக் குழு ஒன்று, பேச்சுக்கு இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள். அதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை, இந்த வாரமே செய்யலாம்.