மூன்றாம் மாத ஊசியும் பிள்ளை பார்க்கும் அக்காவும்

மலேசிய அரசு கிளினிக்குகளின் குழந்தைநலச் சேவையைக் குறை சொல்லுமுன், அது சாதித்ததைச் சொல்லிவிட வேண்டும். 1957இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 75 பேர் ஒரு வயது நிறையுமுன் இறந்தார்கள். இன்று அந்த எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. குழாய்த் தண்ணீருக்கும் சாலைக்கும் இதில் பங்குண்டு. வீடு வீடாக ஏறி இறங்கிய மருத்துவச்சிக்கும் சமூகத் தாதிக்கும், நம் மக்கள் சொல்லும் ‘மிஸ்ஸி’க்கும், அதைவிடப் பெரிய பங்குண்டு என்பது என் கணிப்பு.

பிரசவித்த வீட்டுக்கு மிஸ்ஸி வருவதைக் கவனித்தால் இந்த முறையின் பலம் விளங்கும். பிள்ளையைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்வார். நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு துணி அலமாரியைத் திறக்கச் சொல்வார். தாத்தாவின் வேட்டி மடிப்பில் பாச்சை உருண்டை இருந்தால் அது அப்போதே வெளியே போக வேண்டும். இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி நொதிக் குறைபாடு உண்டா என்று சோதிக்கிறார்கள். குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்த உருண்டையின் வாடையே போதும்: சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் ஏறும், கவனிக்காமல் விட்டால் மூளையைத் தாக்கும். காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் இறங்கிவிடும் என்பது பாட்டிமார் நம்பிக்கை. சுகாதார அமைச்சின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி அதை ஏற்கவில்லை. பிள்ளையின் உடம்பில் நீர் வற்றிவிடும் என்கிறது. இதையெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சொல்வதற்கும், அந்த வீட்டு அலமாரிக்கு முன்னால் நின்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

ஆனால் இந்த வருகை முதல் மாதத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதன்பின் பிள்ளைதான் கிளினிக்குக்குப் போக வேண்டும். போவதற்குக் காரணம் ஊசி. 2, 3, 5 மாதங்களில் ஆறு நோய்க்கு ஒரே ஊசி, 9, 12 மாதங்களில் தட்டம்மை ஊசி, 18ஆம் மாதம் மறு ஊசி. தீபகற்பத்தில் அதற்கடுத்த ஊசி 7 வயதில், பள்ளிக்கூடத்தில். இடைப்பட்ட ஆண்டுகளுக்கும் சோதனைத் தேதிகள் உண்டு, பதிவுப் புத்தகத்தில் பக்கங்களும் உண்டு. ஊசி இல்லையென்றால் எதற்கு லீவு போட வேண்டும் என்று தாய் நினைக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அரை நாள் போனால் அரை நாள் சம்பளமும் போகிறது.

விளைவு எண்களில் தெரிகிறது. முதலாண்டுத் தடுப்பூசிகள் நாடளவில் 95 விழுக்காட்டுக்கு மேல் போய்ச் சேர்கின்றன. மறுப்போரும் உண்டு; 2016இல் கெடா உட்படச் சில மாநிலங்களில் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைகாட்டியதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் ஊசிக் கணக்கு நல்ல கணக்குதான். அதே நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட, வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் 2015இல் 17.7 விழுக்காடு, 2022இல் 21.2. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் 46.5 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று அந்த 2022 எண்ணைத் தந்த ஆய்வே சொல்கிறது.

இரத்தசோகையைத் தராசு காட்டிக்கொடுக்காது. ஒரு வயதுக்குமேல் நாளைக்கு ஐந்து புட்டிப் பாலும், இடையிடையே பிஸ்கட்டும் மைலோவுமாக வளரும் பிள்ளைக்கு எடை சரியாகவே இருக்கும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பால் நிறைந்த வயிற்றில் சோறும் மீனும் கீரையும் இறங்காது. கொலுசையும் பெம்பர்ஸையும் கழற்றிவிட்டு நிறுத்துப் பார்த்தாலும் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி நல்ல இடத்தில்தான் விழும். “நல்லாத்தான் இருக்கான், சோத்த மட்டும் தொடமாட்டேங்கிறான்” என்று தாய் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தில் நின்று நாலு கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. பின்னால் வரிசை நீளமாக இருக்கும். “சோறு நிறைய குடுங்க” என்பதோடு அடுத்த பெயர் கூப்பிடப்படும்.

சோறு கொடுப்பவர் அங்கே வரவில்லை என்பதுதான் என் முக்கியமான குறை. தாய் கூலிம் ஹைடெக் பூங்காவிலோ சுங்கை பட்டாணித் தொழிற்சாலையிலோ ஷிப்டில் நிற்கிறார். பகலில் பிள்ளை பாட்டியிடமோ, தாமான் குடியிருப்பில் ரெண்டு வீடு தள்ளியிருக்கும் அக்காவிடமோ இருக்கிறது. ஆலோசனை ஒருவருக்கு, கரண்டி இன்னொருவர் கையில்.

நம் மக்கள் தோட்டங்களில் வேலை செய்த காலத்தில் அப்படியில்லை. பெரட்டு எனும் காலைப் பெயர் கூப்பிடலுக்குப் போகுமுன் தாய்மார் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனார்கள். அதைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. வயதான ஓர் அம்மா, வரிசையாகத் தொங்கும் தூளிகள், ஒரே கரண்டி; ஒரு பிள்ளைக்குக் கண்வலி வந்தால் எல்லாருக்கும் வரும். 1950களிலேயே ஜித்ராவில் அரசின் கிராமச் சுகாதாரப் பயிற்சி நடந்த மாநிலம் கெடா. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்கே வைத்தியம் டிரஸர் எனும் தோட்ட மருத்துவ உதவியாளர் கையில். அவரைப் பதிவுக்குள் கொண்டுவரும் சட்டமே 1965இல்தான் வந்தது. ஆனாலும் பகலில் பிள்ளை எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார் என்று தோட்டத்துக்கே தெரியும். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டமும் குழந்தைக் காப்பகத்தை முதலாளியின் பொறுப்பாக எழுதிவைத்தது. தோட்டங்கள் துண்டானதும் லயத்துக் குடும்பங்கள் பாடாங் செராய், லூனாஸ், பீடோங் தாமான்களுக்கு வந்தன. ஆயாக் கொட்டகை அவர்களோடு வரவில்லை.

பாட்டியின் வைத்தியத்தைக் கிளினிக் எதிர்கொள்ளும் விதமும் சரியில்லை. பல இடங்களில் ஒரே வார்த்தை: “எதுவும் குடுக்காதீங்க.” தேன் உண்மையிலேயே ஆபத்து, ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. சாம்பிராணிப் புகை பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது. உரை மருந்தும் வேண்டாம். ஆனால் பொட்டு வைப்பதாலும், இதமாக எண்ணெய் தேய்த்துக் கால் நீவிவிடுவதாலும் ஒன்றும் ஆகிவிடாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தடுக்கும் மிஸ்ஸியிடம் பாட்டி எதையும் சொல்லமாட்டார். பிள்ளைக்கு என்ன கொடுத்தார் என்பது பதிவுக்கே வராது. பிறப்புப் பத்திரமில்லாத பிள்ளைகளின் கதை வேறு: வெளிநாட்டவர் கட்டணத்துக்குப் பயந்து அவர்கள் கிளினிக் வாசலுக்கே வருவதில்லை. அதைத் தீர்க்க வேண்டியது பதிவிலாகா, தாதியல்ல.

தாதியால் முடிந்தது ஒன்று இருக்கிறது. 2023 முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 98 நாள். அதாவது மூன்றாம் மாத ஊசிக்கு வரும் தாய் இன்னும் சில நாளில் வேலைக்குத் திரும்பப் போகிறார். பிள்ளை கைமாறும் நேரம் அது. “யாரு பாத்துக்கப் போறாங்க, அடுத்த ஊசிக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்க” என்று அன்றே சொல்லிவிடலாம். வேறு வழியில் அந்த அக்காவைக் கண்டுபிடிக்க முடியாது. 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி நான்கு பிள்ளைகளிலிருந்துதான் பதிவு. அவர் பார்ப்பது மூன்று.