சாட்சியின் மறுபாதி

குடியிலிருந்து மீண்டவர்கள் சபையில் சொல்லும் சாட்சியும் இலக்கியம்தான், விமர்சிக்கலாம். குடிச்சேன், பெண்டாட்டியை அடிச்சேன், இயேசு தூக்கிவிட்டார். திருக்கழுக்குன்றமானாலும் தூத்துக்குடியானாலும் இதே மூன்று வரி. கூட உட்கார்ந்து கஞ்சி குடிச்ச சிநேகிதனும் கையில் கொடுத்த வேலையும் ஓரத்தில் கிடக்கும். குடிக்க வைத்த கூலியும் ஊரும் அதுவும் இல்லை.

ஜெபத்தோடு நிலமும் வேண்டுமென்று செங்கல்பட்டு மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவுக்கு 1890களிலேயே தெரிந்தது. மெல்ரோசாபுரம் குடியேற்றத்தை உண்டாக்கினார். (அவருக்கு ஆத்தும அறுவடையும் கணக்குதான், சரி.) 1994 அக்டோபர் 10இல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். 2003இலிருந்து மதுச் சில்லறைக் கடையை அரசே நடத்துது. எல்லாத்தையும் 'பாவம்' என்ற ஒரே சொல்லில் அடைச்சா அந்த மனுஷன் சொன்னது பாதிதான். மீதியையும் மைக்கில் சொல்ல விடுங்க, போதகரே.