மனச்சாட்சியும் நீதிமன்றமும்

1985 ஜூலையில் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் குழுவைச் சேர்ந்த பிள்ளைகள் மூவர் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். நாட்டுப்பண் இசைக்கப்படுகையில் அவர்கள் மரியாதையுடன் எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்டு 11 அன்று பணித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி.

இத்தீர்ப்பின் சிறப்பு அது எழுப்பிய வினாவில் உள்ளது. 1954 ஆம் ஆண்டின் ஷிரூர் மட வழக்கு முதல், ஒரு செயல் சமயத்திற்கு இன்றியமையாததா என்பதே நீதிமன்றங்களின் முதன்மையான வினாவாயிற்று. காலப்போக்கில் அவ்வினா நீதிபதிகளை இறையியலார் ஆக்கிவிட்டது. 1986 ஆம் ஆண்டுத் தீர்ப்போ, ஒரு நம்பிக்கை நம் அறிவுக்கு ஒப்புமா என்று கேளாமல், அது உண்மையாகவும் மனச்சாட்சியோடும் கொள்ளப்பட்டதா என்றே கேட்டது.

எனினும் ஒரு குறை உண்டு. பிள்ளைகள் எழுந்து நின்றமை தீர்ப்புக்குப் பெரிதும் துணைநின்றது. அவர்களது மனச்சாட்சி நிற்பதையும் மறுத்திருப்பின்? இதற்கு அத்தீர்ப்பில் தெளிவான விடையில்லை.

திருச்சபையும் விடையளிக்க வேண்டிய வினா ஒன்று உண்டு. அக்குழுவினர் திரித்துவத்தை மறுப்பவர். அவர்தம் உபதேசத்தை நாம் ஏற்க இயலாது. ஆயினும் அரசியல் சட்டத்தின் 25 ஆம் பிரிவு காப்பது உபதேசத்தின் செம்மையை அன்று, மனச்சாட்சியின் உரிமையையே. நாம் மறுக்கும் நம்பிக்கையினர்க்கும் அவ்வுரிமையைக் கோரினால்தான், நமக்காக நாம் கோருவது நீதியாகும். இன்றேல் அது தன்னலமே.