மாமியார் கேட்ட வினா: பி. ரம்லியின் இசைப்படம்

மலாய்க் கலையுலகில் பாடகராகவும் இசையமைப்பாளராகவும் ஒருங்கே புகழ் பெற்றவர் பி. ரம்லி. 1929-இல் பினாங்கில் பிறந்த அவர், 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் பாடியபோது இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் கண்ணில் பட்டார். அதுவே அவரைச் சிங்கப்பூர்ப் படநிலையத்தில் சேர்த்தது. அவ்வூருக்குக் கிழக்கே சில கல் தொலைவில் இருப்பது கடாரத்துக் கூலிம். ஆதலின் கடாரத்துத் தோட்டங்களிலும் ஊர்களிலும் வாழும் தமிழர்க்கு ரம்லி அயலார் அல்லர். அவரைக் கதாநாயகராக்கிய ‘பக்தி’ (1950) படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணனும் சென்னையில் பிறந்தவரே.

ரம்லியின் படைப்புகளுள் ‘இபு மெர்த்துவாக்கு’ (1962) தனித்து ஆராயத்தக்கது. ‘என் மாமியார்’ என்பது அப்பெயரின் பொருள். சாக்சபோன் வாசிக்கும் காசிம் செலாமாட்டைச் செல்வக் குடும்பத்துப் பெண் சபாரியா காதலிக்கிறாள். அவள் தாய்க்கோ மருத்துவர் ஒருவரே மருமகனாக வேண்டும். மகள் விரும்பியவன் வழக்கறிஞனா, நீதிபதியா என்று வினவுகிறாள்; இசைக் கலைஞன் என்றதும் சீறுகிறாள். மணமக்கள் பினாங்கில் வறுமையுறுகின்றனர். தாய் மகளைப் பிரித்து அழைத்துச் சென்று, அவள் இறந்துவிட்டதாகப் பொய்ச்செய்தி அனுப்புகிறாள். அழுதழுது காசிம் கண்ணிழக்கிறான்.

இப்படத்தில் குறையும் உண்டு. காசிமின் கண்ணுக்கு மருத்துவம் செய்பவன் சபாரியாவின் இரண்டாம் கணவனே என அமைத்திருப்பது, தற்செயலை அளவுக்கு மீறி நம்பியதாகும். பார்வை பெற்றவன் உண்மையறிந்து தன் கண்களைத் தானே குத்திக்கொள்ளும் முடிவும் மிகையே. சபாரியாவின் உள்ளப் போராட்டத்திற்கும் போதிய இடமில்லை. ஆயினும் கதை அலறும் இடத்தில் இசை அலறுவதில்லை. மேனாட்டுக் கருவியான சாக்சபோனும் மேனாட்டுச் சுர அடுக்கும் பின்னின்று தாங்க, மலாய்ச் சொல் தெளிவாக முன் நிற்கிறது. அயலிசையை ஏற்றல் குற்றமன்று; அதற்குத் தாய்மொழியின் ஓசையைப் பலியிடுவதே குற்றம். இந்த நெறியை ரம்லி வழுவாது காத்தார்.

கலைஞனின் மானம் அவர் மீண்டும் மீண்டும் எடுத்தாண்ட பொருள். ‘அந்தாரா டுவா டர்ஜாட்’ (1960) படத்திலும் இசை கற்பிப்பவனின் காதலை உயர்குடிப் பெருமை சிதைக்கிறது. நாதசுரக் கலைஞனின் மானத்தைப் பேசிய ‘தில்லானா மோகனாம்பாள்’ தமிழர் அறிந்ததே. அங்கே மானம் வெல்கிறது; இங்கே தோற்கிறது. அத்தோல்வியே மலாய்ப் படத்தின் கூர்மை.

1964-இல் கோலாலம்பூர் சென்ற ரம்லியின் பிற்காலப் படங்கள் முன்போல் வரவேற்புப் பெறவில்லை. 1973-இல், 44-ஆம் வயதில், அவர் மறைந்தார். ‘டான் ஸ்ரீ’ விருது 1990-இல்தான் வந்தது. படத்தில் மாமியார் காட்டிய புறக்கணிப்பை வாழ்வில் நாடே காட்டியது.

தோட்டத்துப் பிள்ளை ஒருவன் நன்றாகப் பாடினால், “பாட்டு சோறு போடுமா?” என்னும் வினா இல்லந்தோறும் எழுகிறது. வறுமையை அறிந்த பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் அது பிள்ளையின் வாயை மூடும் வினாவாகிவிடலாகாது. பாடும் பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தி, அவன் பாட்டைக் காது கொடுத்துக் கேட்பது தமிழாசிரியர் செய்யக்கூடிய முதல் உதவியாகும். இறந்தபின் சூட்டும் மாலையினும் அது மேலானதன்றோ!