இதயமா? சான்றா?

1987 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4 ஆம் நாள் இரவு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகன் தொலைக்காட்சியிலே தோன்றித் தம் நாட்டு மக்களிடம் பேசினார். அந்தப் பேச்சில் ஒரு வாக்கியம் உலகம் முழுதும் பேசப்பட்டது. பிணைக்கைதிகளை மீட்பதற்காக நாம் ஆயுதம் விற்கவில்லை என்று சில திங்களுக்கு முன் உங்களிடம் சொன்னேன். அதுவே உண்மை என்று என் இதயமும் என் நல்லெண்ணமும் இன்னமும் சொல்கின்றன. அது உண்மையன்று என்று நடந்தவையும் சான்றுகளும் சொல்கின்றன என்பதே அவர் கூறியதன் சாரம்.

இலக்கிய ஏட்டிலே இந்த வாக்கியத்திற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லின் பொருளையும் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் கருத்தையும் ஆய்வதுதான் திறனாய்வு. காதல் பாட்டின் அணிநலத்தை எடைபோடத் தெரிந்த நாம், ஏவுகணையை மூடி மறைக்கும் சொல்லின் அணிநலத்தை எடைபோடாமல் விட்டால், நம் திறனாய்வு பொழுதுபோக்காகிவிடும். ஆகவே அந்தப் பேச்சையும், நான்கு திங்கள் கழித்து அதே நாட்டில் ஒரு படை அதிகாரி அளித்த சாட்சியத்தையும், அவற்றைக் கேட்ட மக்கள் நடந்துகொண்ட முறையையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நடந்தது என்ன?

1979 ஆம் ஆண்டு நவம்பரில் ஈரான் தலைநகரில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 52 அமெரிக்கர்கள் 444 நாட்கள் சிறைவைக்கப்பட்டனர். அன்று முதல் ஈரானிய அரசு அமெரிக்காவுக்குப் பகை அரசு. ஈரானிய மதத் தலைவர்களுக்கோ அமெரிக்கா பெரிய சைத்தான். ஈராக்குடன் போரிட்டுக்கொண்டிருந்த ஈரானுக்கு எந்த நாடும் ஆயுதம் விற்கக்கூடாது என்று 1983 முதல் அமெரிக்க வெளியுறவுத் துறை நாடு நாடாகச் சென்று வலியுறுத்தியது. பயங்கரவாதத்திற்குத் துணைநிற்கும் அரசு என்று 1984 சனவரியில் ஈரான் மீது முத்திரையும் குத்தியது.

முன்வாயிலில் இந்த அறிவிப்புப் பலகை. கொல்லைப்புறத்தில் நடந்த வாணிகம் வேறு. 1985 ஆகஸ்டில் 96, செப்டம்பரில் 408 என்று டாங்கிகளைத் தகர்க்கும் 'டோ' ஏவுகணைகள் இசுரேல் வழியாக ஈரானுக்குப் போயின. நவம்பரில் விமானங்களை வீழ்த்தும் 'ஹாக்' ஏவுகணைகள் 18 போயின. அவற்றை எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகள் என்று சொல்லி அனுப்பினார்கள். 1986 சனவரி 17 ஆம் நாள் குடியரசுத் தலைவரே ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதை நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கவேண்டாம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அதன்பின் அமெரிக்கா நேரடியாகவே விற்றது. ஆக மொத்தம் 2,004 'டோ' ஏவுகணைகள்.

எதற்காக? ஈரானுக்கு வேண்டியவர்கள் லெபனானில் பிடித்துவைத்திருந்த அமெரிக்கர்களை மீட்பதற்காக என்றார்கள். மீண்டவர் மூவர். 1986 செப்டம்பரிலும் அக்டோபரிலும் புதிதாகப் பிடிபட்ட அமெரிக்கரும் மூவர்! ஆள் பிடித்தால் ஆயுதம் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்த பிறகு, பிடிப்பவன் ஏன் நிறுத்துவான்?

விற்ற பணத்தின் கதை இன்னும் கொடியது. நிகராகுவா நாட்டின் அரசைக் கவிழ்க்கப் போராடிய கான்ட்ரா படைக்கு உதவக்கூடாது என்று 1984 இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருந்தது. ஊர்களைத் தாக்கி, பள்ளி ஆசிரியர்களையும் மருத்துவ ஊழியர்களையும் கொன்ற படை அது. ஈரானிடம் கூடுதல் விலை வைத்துப் பெற்ற இலாபத்திலிருந்து ஏறத்தாழ 38 இலட்சம் டாலர் அந்தப் படைக்குத் திருப்பிவிடப்பட்டது. ஓர் அரசுக்குக் கள்ளத்தனமாக ஆயுதம். அந்தக் காசில் இன்னோர் அரசைக் கவிழ்க்க ஆயுதம். இடையிலே நின்ற சட்டத்துக்கு இருபுறமும் அடி.

தோழர்களே, இந்த வாணிகத்திலே மதம் பட்ட பாட்டைப் பாருங்கள். ஈரானோ இசுலாமியக் குடியரசு. அங்கே போய் இறங்கிய 'ஹாக்' ஏவுகணைகள் சிலவற்றில் இசுரேலின் குறி அழியாமல் இருந்தது. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். 1986 மே மாதம் அமெரிக்கத் தூதுக்குழு ஒன்று பொய்ப் பெயரில் தெகரானில் இறங்கியது. ஏவுகணை உதிரி உறுப்புகளோடு அது கொண்டுபோன பரிசு ஒரு கேக்! அக்டோபரில் ஈரானியத் தூதரிடம் கொடுத்த பரிசோ, ரீகன் தம் கையாலேயே ஒரு வசனத்தை எழுதி ஒப்பமிட்ட பைபிள். அந்த நூலை 1987 சனவரியில் ரஃப்சஞ்சானி செய்தியாளர்களுக்குத் தூக்கிக் காட்டினார். மேடையிலே ஒருவரையொருவர் சைத்தானென்றும் காட்டுமிராண்டியென்றும் ஏசிக்கொண்ட இரண்டு பக்திமான்கள், திரைக்குப் பின்னால் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வேதம் அங்கே ஏவுகணையைச் சுற்றிய தாள். இதை நாம் நாத்திகத்தால் சொல்லவில்லை. விற்றவனும் வாங்கியவனும் தங்கள் செயலாலே சொன்னார்கள்.

வெளிச்சம் எங்கிருந்து வந்தது? 1986 அக்டோபர் 5 ஆம் நாள் கான்ட்ராக்களுக்கு ஆயுதம் ஏற்றிச் சென்ற விமானம் நிகராகுவாவில் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர்பிழைத்த ஓர் அமெரிக்கர் பிடிபட்டார். நவம்பர் 3 ஆம் நாள் லெபனானின் 'அஷ் ஷிரா' என்னும் வார ஏடு தெகரான் பயணத்தை அம்பலப்படுத்தியது. உலகின் மிகப் பெரிய அரசு மறைத்ததை ஒரு சிறு நாட்டின் வார ஏடு வெளியிட்டது. ஏடு நடத்துவோரும் அதைத் தெருத் தெருவாக விற்போரும் இதை நெஞ்சில் நிறுத்தவேண்டும்.

நவம்பர் 13 இல் ரீகன் மறுத்தார்: அனுப்பியது சிறிதளவே, ஒரே சரக்கு விமானத்தில் அடங்கிவிடும், பிணைக்கைதிகளுக்கு ஈடாக எதுவும் கொடுக்கவில்லை என்றார். நவம்பர் 25 இல் பணம் திசைமாறியதை அவரது அரசே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மக்கள் நம்பவில்லை. அவருக்கிருந்த ஆதரவு ஒரே திங்களில் 67 விழுக்காட்டிலிருந்து 46 விழுக்காடாக விழுந்தது என்று 'நியூயார்க் டைம்ஸ்' ஏடும் சி.பி.எஸ். தொலைக்காட்சியும் எடுத்த கணிப்புக் காட்டியது. அதுவரை மக்கள் சரியாகவே நடந்துகொண்டார்கள்.

அதன்பின் வந்ததுதான் நான் தொடக்கத்தில் காட்டிய வாக்கியம். அதன் அமைப்பைக் கவனியுங்கள். பொய் சொன்னேன் என்ற சொல் அதில் இல்லை. ஏமாந்தேன் என்பதும் இல்லை. இதயம் ஒரு சாட்சி, நடந்தவை ஒரு சாட்சி. இருவரும் ஒரே தரத்தவர் என்பதுபோல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தப்படுகிறார்கள். சொன்னவரோ நடுவில் நிற்கும் வழிப்போக்கராகிவிடுகிறார். பொறுப்பேற்கிறேன் என்று அதே பேச்சில் அவர் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் கேட்டவன் நெஞ்சில் தங்கியது பொறுப்பு அன்று, இதயம்தான். பிள்ளையார் பால் குடித்தார் என்று 1995 இல் ஊரெல்லாம் ஓடியபோது, பரப்பிழுவிசையால் பால் வழிகிறது என்று செய்து காட்டிய பின்னும், இருந்தாலும் என் மனம் நம்புகிறது என்று சொன்னவர்களை நாம் அறிவோம். அந்த 'இருந்தாலும்' வீட்டுக்குள் இருக்கும்வரை ஒரு குவளைப் பால் வீண். அரசின் நாற்காலியில் ஏறினால் உயிர்கள் வீண்.

இனி இரண்டாவது பேச்சு. 1987 சூலையில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் லெப்டினன்ட் கர்னல் ஆலிவர் நார்த் சாட்சி சொல்ல வந்தார். இந்த வாணிகத்தை முன்நின்று நடத்தியவர் அவர். சீருடை, மார்பில் வரிசையாகப் பதக்கங்கள், கலங்கிய கண், உறுதியான குரல். நாடாளுமன்றத்தை ஏமாற்றியதை ஒப்புக்கொண்டார். ஆவணங்களைப் பொறியில் போட்டுத் துண்டு துண்டாக்கியதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட ஒவ்வொன்றையும் நாட்டுப்பற்று என்ற ஒரே நூலில் கோத்து மாலையாக்கித் தம் கழுத்திலேயே சூட்டிக்கொண்டார்.

நாடு என்ன செய்தது? தந்திகள் குவிந்தன, அந்தக் குவியலை அவர் மேசைமேல் அடுக்கி வைத்தார்கள். அவர் முகம் பொறித்த சட்டைகள் விற்றன. அவரைப்போல் முடிவெட்டிக்கொண்டார்கள். சாட்சியம் நூலாக அச்சாகி விற்பனைக்கு வந்தது. சட்டத்தை மீறியதாகச் சொன்னவனை, சட்டம் இயற்றிய மன்றத்திலேயே வைத்து மாலையிட்டார்கள்!

பேச்சு என்ற அளவில் அது வல்லமையுடையது. அதை மறுப்பது திறனாய்வு ஆகாது. ஆனால் எந்தக் கேள்விக்கு அது விடை? கான்ட்ராக்களின் துப்பாக்கிக்கு இரையான நிகராகுவாச் சிற்றூராரைப் பற்றி அதில் ஏதாவது உண்டா? எட்டாண்டுப் போரில் மாண்ட ஈரானிய, ஈராக்கியப் பிள்ளைகளைப் பற்றி உண்டா? ஒருபுறம் ஈரானுக்கு ஏவுகணை, மறுபுறம் ஈராக்குக்கு உளவுச் செய்தி என்று இரண்டு கையாலும் கொடுத்த அரசைப் பற்றி உண்டா? பேசியவன் துணிவு பேசப்பட்டது. செத்தவன் பெயர் பேசப்படவில்லை. உணர்ச்சிமிக்க பேச்சு ஒன்றைக் கேட்கும்போது, இதில் யார் இல்லை என்று தேடிப்பார்ப்பது நல்ல பழக்கம்.

அந்த அவையில் ஒருவர் தலை தாழ்த்தவில்லை. மேய்ன் மாநில உறுப்பினர் ஜார்ஜ் மிட்செல், அமெரிக்க அரசியலில் கடவுள் எந்தப் பக்கமும் சேர்வதில்லை என்று நார்த்திடம் அமைதியாகச் சொன்னார். கான்ட்ரா உதவியை எதிர்ப்பவனும் கடவுளையும் நாட்டையும் அதே அளவு நேசிக்க முடியும் என்றார். அவர் நாத்திகர் அல்லர். ஆயினும் அந்த அவையில் பகுத்தறிவின் வேலையைச் செய்தவர் அவரே. பரபரப்பும் நெடுநாள் நிற்கவில்லை. 1988 பிப்ரவரியில் கான்ட்ரா உதவிக்கான வேண்டுகோள் மக்கள் அவையில் 219க்கு 211 என்ற வாக்கில் தோற்றது.

சட்டம் என்ன ஆயிற்று? 1989 இல் நார்த் மூன்று குற்றங்களில் தண்டிக்கப்பட்டார். அவற்றில் ஒன்று ஆவணங்களை அழித்தது. நாடாளுமன்றத்தில் அவர் காப்புறுதி பெற்றுச் சொன்ன சாட்சியம் வழக்கைப் பாதித்திருக்கலாம் என்று மேல்முறையீட்டில் தீர்ப்பு உடைந்தது. 1991 இல் வழக்கே கைவிடப்பட்டது. எந்தப் பேச்சுக்குக் கைதட்டினார்களோ, அந்தப் பேச்சே அவருக்குக் கவசமாயிற்று. 1992 டிசம்பர் 24 ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு முதல் நாள், குடியரசுத் தலைவர் புஷ் அறுவருக்கு மன்னிப்பு வழங்கினார். அவர்களுள் ஒருவர் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வைன்பர்கர். அவர்மீதான விசாரணை தொடங்கவே இல்லை. ரீகனோ 1989 இல் பதவியிலிருந்து இறங்கும்போது 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மக்கள் ஆதரவோடு இறங்கினார்.

இந்த இடத்தில் நம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மதுரை எரிந்த அற்புதத்தை நாம் நம்பவேண்டியதில்லை. ஆனால் அதற்குமுன் அவையில் நடப்பது முழுக்க முழுக்க அறிவின் வழக்கு. ஒருத்தி தனியாள், எதிரே முடியரசன். அவள் கேட்பது சான்று. அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. பாண்டியன் என் இதயம் வேறு சொல்கிறது என்று சொல்லவில்லை. பொற்கொல்லன் மீது பழியைப் போடவில்லை. தானே கள்வன் என்று ஏற்றான். உயிர்விட்ட முடிவை நாம் பின்பற்றச் சொல்லவில்லை. சான்று வந்த கணத்தில் சொல் மாறிய அந்த நேர்மையை அரசியலின் இலக்கணமாகக் கொள்ளச் சொல்கிறோம்.

அமெரிக்கரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. நம் இயக்கம் சொல்லால் வளர்ந்தது. மேடையும் நாடகமும் திரையும் நம் படைக்கலங்கள். குரலின் ஏற்ற இறக்கத்தில் மயங்கும் பழக்கம் நமக்கும் உண்டு. நாம் விரும்பும் தலைவர் தவறினால், அவர் மனம் நல்ல மனம் என்று சொல்லிச் சான்றை ஒதுக்கும் பழக்கமும் உண்டு. நான் சொல்வதாலேயே நம்பாதே, உன் அறிவால் எண்ணிப்பார் என்று ஊர் ஊராகச் சொன்னவர் பெரியார். அந்த உரிமையை அடுத்த கட்சிக்காரன் பேச்சை ஆராய மட்டும் பயன்படுத்துவது பகுத்தறிவு ஆகாது.

ஆகவே இளைஞர்களே, அரசு இரகசியமாக ஆயுதம் விற்றதென்ற செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும், விற்றவர் யார், வாங்கியவர் யார், எந்தச் சட்டம் மீறப்பட்டது, அந்த ஆயுதம் யார்மீது பாய்ந்தது என்று கேளுங்கள். விடையாக ஒரு சீருடையோ ஒரு வேதமோ ஓர் இதயமோ உங்கள்முன் நீட்டப்பட்டால் கைதட்ட அவசரப்படாதீர்கள். சிலம்பை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.