கூண்டு ஏற்றாத புயல்

படம் முடிந்து வெளியே வருகிற கூட்டத்தோடு சேர்ந்து நடப்பதில் எனக்கு நெடுநாளாக ஓர் ஆசை உண்டு. பத்திரிகை விமரிசனத்தில் அகப்படாத அபிப்பிராயங்கள் எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் காதில் விழும். மோட்டார் சைக்கிளை நிறுத்திய இடத்திலிருந்து எடுப்பதற்குள் நம்முடைய ஜனங்கள் ஒரு படத்துக்குத் தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். அப்பீல் கிடையாது.

2018ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ராமநாதபுரத்தில் ஒரு கொட்டகையில் 'டிக் டிக் டிக்' பார்த்துவிட்டு அப்படித்தான் வெளியே வந்தேன். சக்தி சௌந்தர்ராஜன் எழுதி இயக்கிய படம். ஜெயம் ரவி என்ற பெயரில் அப்போது நடித்துக்கொண்டிருந்த ரவி மோகன் கதாநாயகர். இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரம். அந்த விளம்பரத்தோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. 1963இலேயே 'கலை அரசி' என்ற படத்தில் வேற்றுக் கிரகத்துக்காரன் ஒருவன் பூமிக்கு வந்து, சங்கீதம் சொல்லிக்கொடுப்பதற்காகப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனான், எம்.ஜி.ஆரும் அவரை மீட்க அங்கே போனார். குண்டையும் கொள்ளையையும் விட்டு, பாட்டு வாத்தியாரைத் தேடி வந்த அந்தக் கிரகத்தாரின் ரசனையை நான் இன்னும் மெச்சுகிறேன். அதே வருஷம் நவம்பரில்தான் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம் அந்தக் குழுவில் இருந்தார். ஆகவே ஆகாயம் இந்தக் கரைக்காரர்களுக்கு அந்நியமானது அல்ல.

'டிக் டிக் டிக்' கதை இதுதான். சென்னைக்கு அருகே எண்ணூரில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்து 14 பேர் சாகிறார்கள். பின்னாலேயே 60 கிலோமீட்டர் அளவில் இன்னொரு கல் வருகிறது என்றும், ஏழு நாளில் அது வங்காள விரிகுடாக் கரையில் விழும் என்றும், கடல் பொங்கித் தமிழ்நாடு, ஆந்திரம், இலங்கை எல்லாமாக நாலு கோடிப் பேர் மாண்டுபோவார்கள் என்றும் ராணுவ விண்வெளிப் பிரிவினர் கண்டுபிடிக்கிறார்கள். அத்தனை பேரை ஏழு நாளில் அப்புறப்படுத்த இயலாது. கல்லை உடைக்க 200 கிலோ டன் அணுகுண்டு வேண்டும். அது வேறொரு தேசத்தின் விண்வெளி நிலையத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. திருடி வர, சிறையில் கிடக்கும் மந்திரவாதி ஒருவனையும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளையும் மேலே அனுப்புகிறார்கள். எல்லாம் பரம ரகசியம்.

வாசலில் முதல் தீர்ப்பு கல்லூரி மாணவர்களுடையது. "லாஜிக்கே இல்ல மச்சான்!" இன்னொருவன், "மிதக்கிறானுகளாம், கயிறு கட்டினது அப்பட்டமாத் தெரியுது" என்றான். மூன்றாமவன் கொஞ்சம் தாட்சண்யக்காரன்: "வெள்ளைக்காரன் கொட்டுற பணத்துல பத்துல ஒரு பங்காச்சும் இவங்ககிட்ட இருக்குமா? அதுக்கு இது எவ்வளவோ தேவல." கையில் தூங்குகிற குழந்தையோடு வந்த ஒரு அம்மாள், "அந்தப் பையனைப் பாத்தியா? நெசத்துலயும் அவரு மகன்தானாம்" என்று பக்கத்தில் வந்தவளிடம் சொல்லிக்கொண்டு போனாள். அது வாஸ்தவம், கதாநாயகருடைய மகனே படத்திலும் மகனாக நடித்திருந்தான்.

இந்த மூன்று நான்கு அபிப்பிராயங்களையே எட்டுப் பத்து மாதிரியாகத் திருப்பிப் போட்டு அந்த வாரத்துப் பத்திரிகைகளும் எழுதின.

'லாஜிக்' விஷயத்தில் மாணவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் சொன்னதற்கு மேலேயே இருக்கிறது. 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன் விழுந்து டைனோசார்களைப் பூண்டோடு அழித்த கல்லின் அளவு சுமார் 10 கிலோமீட்டர். 60 கிலோமீட்டர் கல் என்றால் பருமனில் அதைப்போல் 216 பங்கு. அது எந்தக் கரையில் விழுந்தால் என்ன? நாலு கோடியோடு நிற்காது; மனுஷ ஜாதியே மிஞ்சாது. குண்டு இருக்கிறதே, அது ஹிரோஷிமா குண்டைப்போல் சுமார் 13 மடங்கு. கேட்கப் பயங்கரமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2013 பிப்ரவரியில் ருஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே, ஆகாயத்திலேயே வெடித்த கல்லுக்குச் சுமார் 20 மீட்டர்தான் அளவு. அதன் வேகமே 400 கிலோ டன்னுக்கு மேல் சக்தியாக வெளிப்பட்டது. ஜன்னல் கண்ணாடி உடைந்து ஆயிரத்தைந்நூறு பேருக்குக் காயம். இருபது மீட்டர் கல்லின் சக்தியில் பாதிகூட இல்லாத குண்டை வைத்துக்கொண்டு அறுபது கிலோமீட்டர் மலையைப் பிளப்பது, சோழி வெடியை வைத்து ஒரு மலையைத் தகர்ப்பது போலத்தான். உடைப்பதைவிடத் தள்ளிவிடுவதே உத்தமம் என்பது விஞ்ஞானிகள் கட்சி. 2022 செப்டம்பரில் அமெரிக்கர்கள் ஒரு கலத்தைக் கொண்டுபோய் டைமார்பஸ் என்ற 160 மீட்டர் கல்லின்மேல் மோதவிட்டு, அது தன் தாய்க்கல்லைச் சுற்றிவரும் நேரத்தைச் சுமார் அரைமணி குறைத்துக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் இந்தக் குற்றம் 1998இல் வந்த 'ஆர்மகெடான்' என்ற அமெரிக்கப் படத்துக்கும் உண்டு. அதில் வரும் கல் டெக்ஸாஸ் மாகாணம் அத்தனை பெரிது; எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஆசாமிகள் போய் அதில் துளை போட்டுக் குண்டு வைக்கிறார்கள். செலவு சுமார் 14 கோடி டாலர். அதைப் பார்த்துக் கைதட்டியவர்கள் இதைப் பார்த்து 'லாஜிக்' கேட்கிறார்கள் என்றால், அவர்கள் கேட்பது லாஜிக்கை அல்ல. கயிறு தெரியாமல் இருந்திருந்தால் லாஜிக்கும் தெரிந்திருக்காது. அடுத்தவனுடைய பணத்துக்கு நாம் கொடுக்கிற மரியாதை அது. அதற்கு விமரிசனம் என்று பெயர் வைக்க எனக்குச் சம்மதமில்லை.

அந்தத் தாட்சண்யக்காரனோடும் நான் ஒத்துப்போகமாட்டேன். "ஏழைப் படம், பாவம்" என்று தட்டிக்கொடுப்பது படத்தை எடுத்தவருக்கு அவமரியாதை. கதையைத் துணிந்து ஆகாயத்துக்குக் கொண்டுபோன மனிதரைக் கைக்குழந்தையாக நடத்தலாகாது.

இவ்வளவையும் இப்போது எழுதுகிறேனே ஒழிய, அன்று இரவு நானும் சிரித்தவர்களோடு சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாம்பனில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நண்பருக்குப் படகு வேலை. அவருடைய தகப்பனாரையும் என்னையும் மட்டும் படத்துக்கு அனுப்பிவைத்தார். பெரியவருக்கு அறுபத்தைந்து வயது. நாட்டுப்படகில் போய்வந்த உடம்பு. படம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் பார்த்தார். திரும்பும் பஸ்ஸில் நான்தான் வாயை மூடாமல் அந்த 200 கிலோ டன்னைப் பற்றியும் கயிற்றைப் பற்றியும் நையாண்டி செய்துகொண்டு வந்தேன். உச்சிப்புளி தாண்டிய பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"அந்தக் கணக்கெல்லாம் நமக்குத் தெரியாது தம்பி. ஏழு நாளைக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல?"

"ஆமாம், ஐயா."

"கரையில ஒருத்தனுக்கும் சொல்லலையே. கூண்டு ஏத்தலையே."

படத்தில் அதுதான் பெரிய ஓட்டை என்கிறார் போலும் என்று நினைத்து நான் ஆமோதித்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஓட்டை இல்ல தம்பி. மத்ததெல்லாம் கதை. அது ஒண்ணுதான் நெசம்."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக்குக் கம்பத்தில் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை எண். எண் ஏற ஏற ஆபத்து. இரவில் கூண்டுக்குப் பதில் விளக்கு. வானொலியில் கேட்டாலும் கைப்பேசியில் வந்தாலும், கூண்டைப் பார்த்தால்தான் பாம்பன்காரனுக்குச் சேதி நிச்சயம்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது பெரியவருக்குப் பதினொரு வயது. அரைப் பரீட்சை விடுமுறைக்குப் பாம்பனில் அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். அண்ணனும் மதினியும் தனுஷ்கோடியில் இருந்தார்கள். அன்று நடுநிசிக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் வண்டி, நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களோடு தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் போயிற்று. பாம்பன் பாலத்தின் கர்டர்களையும் கடல் பிய்த்துக்கொண்டு போயிற்று. வண்டி கிளம்பியதைப் பெரியவர் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு மாறுதலும் இல்லை. "போகுற எடத்துல என்ன நடக்குதுன்னு டிரைவருக்கு யாராச்சும் சொல்லியிருந்தா அவன் ஏன் வண்டிய எடுக்கிறான்?" என்று மட்டும் கேட்டார். அண்ணனைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

படம் வந்ததற்கு ஏழு மாதத்துக்கு முன்னால், 2017 நவம்பர் 30ஆம் தேதி, ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியது. பல நாள் தங்கிப் பிடிக்கிற படகுகள் அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவில்லை. திரும்பாதவர்களின் வீடுகளில் துக்கம் ஆறாத சமயத்தில்தான், கடல் பொங்கப்போகிறது என்று தெரிந்தும் கரைக்குச் சொல்லாத கதையொன்றை நாம் நொறுக்குத்தீனி தின்றுகொண்டே பார்த்தோம். பார்த்துவிட்டு, கயிறு தெரிகிறது என்று குறைப்பட்டுக்கொண்டோம்.

என்னுடைய குறையும் இங்கேதான் தொடங்குகிறது. சக்தி சௌந்தர்ராஜனுடைய கையில் எப்பேர்ப்பட்ட விஷயம் சிக்கியிருந்தது! தெரிந்தவர்கள் சிலர், தெரியாமல் சாகப்போகிறவர்கள் நாலு கோடி. சொல்வதா, வேண்டாமா? சொன்னால் பீதியில் மிதிபட்டுச் சாவார்கள். சொல்லாவிட்டால் தூக்கத்தில் சாவார்கள். சொல்லாமல் இருக்க யாருக்கு அதிகாரம்? இந்தக் கேள்வியை நாலு வசனத்தில் தாண்டிவிட்டுக் கதை திருட்டுச் சாகசத்துக்குப் போய்விடுகிறது. அந்த நாலு கோடிப் பேரில் கரையில் நிற்கிற ஒருவனுடைய முகமும் என் மனத்தில் தங்கவில்லை. அமெரிக்கப் படத்தில்கூடத் தாஜ் மகாலுக்கு முன்னால் நம் ஜனங்கள் கூடிநிற்கிற காட்சி சில விநாடி உண்டு. அவர்களுக்கு நாம் வெறும் தபால் அட்டைப் படம்தான், ஆனாலும் காட்டினார்கள்.

இதற்குப் பணம் காரணம் என்று யாரும் சொல்லவேண்டாம். ஓர் ஓலைக் குடிசை, ஒரு பழைய வானொலிப் பெட்டி, வலை சீர்பார்க்கிற இரண்டு பேர்: இதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டியதில்லை, கயிறும் வேண்டியதில்லை. ஒரு நாள் படப்பிடிப்பு. குழந்தையோடு வந்த அந்த அம்மாள் மகனைப் பற்றித்தானே பேசினாள்? அப்பாவும் பிள்ளையுமாக வரும் இடங்களில், இமானுடைய 'குறும்பா' பாட்டில், கொட்டகை நிசப்தமாக இருந்தது. அங்கே யாரும் லாஜிக் கேட்கவில்லை. ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள் என்பது இயக்குநருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அந்தத் தெரிதலைக் கதாநாயகன் வீட்டோடு நிறுத்திக்கொண்டுவிட்டார். எண்ணூர்க் கரையில் இன்னொரு பிள்ளையை நிறுத்தியிருந்தால், மேலே போன கலத்தின் ஆட்டமெல்லாம் அந்தப் பிள்ளையின் உயிராக அல்லவா ஆகியிருக்கும்?

2008இல் வந்த 'தசாவதாரம்' இதைவிட மோசமான காரியம் செய்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமியைக் கதைக்கு நடுவே கொண்டுவந்து, கிருமியைக் கழுவிவிட்ட உப்புத்தண்ணீராக்கிப் படத்தை முடித்தது. மூளை மிகுந்த ஏற்பாடு. நாகப்பட்டினத்துக் கொட்டகையில் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

மண்டபம் தாண்டிப் பஸ் பாலத்தில் ஏறியபோது பெரியவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, ஜன்னலுக்கு வெளியே இருட்டில் பழைய ரயில் பாலம் இருக்கிற பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் மொத்தத்தில் எப்படி என்று கேட்டேன்.

"பையன் நல்லாப் பண்ணியிருக்கான்" என்றார்.

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் வந்தபோது நண்பர் தொலைபேசியில் பேசினார். பாம்பனில் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கரையோர ஜனங்களை முகாமுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். கடைசியில் புயல் ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே வலுவிழந்து மழையாகப் போயிற்று. ஒன்றுமில்லாததற்கு இத்தனை அமர்க்களமா என்று முகாமில் பலர் சலித்துக்கொண்டார்களாம். "அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டேன். சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, படகுக் கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டார் என்றார் நண்பர்.