எந்தக் கிரியை? பவுலும் யாக்கோபும் நிஜமாகவே மோதுகிறார்களா?

கிறிஸ்தவத்தில் ஒரு பழைய சண்டை உண்டு. மனுஷன் கடவுள் முன்னால் நீதிமான் ஆவது விசுவாசத்தாலா, நற்செயல்களாலா? விசுவாசத்தால் மட்டுமே என்பது புராட்டஸ்டன்ட் தரப்பு. விசுவாசம் வேண்டும், ஆனால் செயல் இல்லாத விசுவாசம் போதாது என்பது கத்தோலிக்கத் தரப்பு. முதல் தரப்பு பவுல் எழுதிய ரோமர், கலாத்தியர் நிருபங்களை எடுத்து நீட்டும். இரண்டாவது தரப்பு யாக்கோபு நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தை நீட்டும். ஐந்நூறு வருஷமாக இதே ஆட்டம்தான்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. ஆனால் ஒரே பெயரில் இரண்டு இடத்தில் இரண்டு வேரியபிள் இருந்தால் என்ன குழப்பம் வரும் என்று தொழில்முறையில் நன்றாகத் தெரியும். இந்த நிருபங்களைத் திரும்பத் திரும்பப் படித்தபோது எனக்கு வந்த சந்தேகம் அதுதான். பவுல் சொல்லும் "கிரியை"யும் யாக்கோபு சொல்லும் "கிரியை"யும் ஒன்றுதானா?

முதலில் பிரச்சினை எப்படிப் பெரிதாச்சு என்று பார்த்துவிடலாம். மார்ட்டின் லூத்தர் 1522 செப்டம்பரில் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் வெளியிட்டார். ரோமர் 3:28-ஐ மொழிபெயர்க்கும்போது "விசுவாசத்தால்" என்ற இடத்தில் "மட்டும்" என்ற சொல்லைச் சேர்த்தார். மூலத்தில் அந்தச் சொல் இல்லை. எதிர்ப்பு வந்தது. 1530-இல் மொழிபெயர்ப்பு பற்றி எழுதிய ஒரு திறந்த கடிதத்தில் அவர் பதில் சொன்னார்: மூலத்தில் இல்லை என்று எனக்கும் தெரியும், ஆனால் ஜெர்மன் பேச்சு வழக்குக்கு அது தேவைப்படுகிறது, பவுலின் கருத்தும் அதுதான்.

மொழிபெயர்ப்பாளராக அது நேர்மையான பதில்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் "விசுவாசத்தால் மட்டும்" என்ற சேர்க்கை மூலத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அது யாக்கோபு 2:24. அங்கேயும் "அப்படி இல்லை" என்று மறுப்பதற்காகத்தான் வருகிறது! லூத்தருக்கு இது தெரியாமல் இல்லை. அதே 1522 பதிப்பின் முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை வைக்கோலோடு ஒப்பிட்டார். அந்த வரி பிந்தைய பதிப்புகளில் காணாமல் போனது. ஆனால் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசிக்குத் தள்ளி, பொருளடக்கத்தில் எண் கூடக் கொடுக்காமல் விட்டார்.

லூத்தருக்கு நியாயமும் செய்ய வேண்டும். அவர் கண்ணெதிரில் இருந்தது பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரம். 1517-இல் அவர் எழுதிய 95 வாதங்களில் 43-ஆவது, சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பதே மேல் என்ற கருத்தைச் சொல்கிறது. நற்செயல் வேண்டாம் என்று சொன்ன ஆள் இல்லை அவர். ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் என்பது சும்மா இருக்க முடியாத, நன்மை செய்துகொண்டே இருக்கிற உயிருள்ள ஒன்று என்கிறார். எதிர்த் தரப்பும் அப்படித்தான். 1547 ஜனவரியில் திரெந்து சங்கம் "விசுவாசம் மட்டும்" என்பதைக் கண்டித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே அமர்வின் முதல் விதி, அருள் இல்லாமல் சொந்தச் செயலால் ஒருவன் நீதிமான் ஆகலாம் என்று சொல்பவனையும் கண்டிக்கிறது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

சரி, மூலத்துக்கு வருவோம். பவுலும் யாக்கோபும் இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆதியாகமம் 15:6-ஐத்தான் இருவரும் எடுத்தாள்கிறார்கள். ஆபிரகாம் கடவுளை நம்பினார், அது அவருக்கு நீதியாகக் கணக்கிடப்பட்டது என்ற செய்தி. ஒரே சாட்சி, ஒரே வாக்குமூலம், எதிரெதிர் தீர்ப்பு. எப்படி?

காலவரிசையைப் போட்டுப் பாருங்கள். 15-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் நம்புகிறார். 16-ஆம் அதிகாரத்தில் இஸ்மவேல் பிறக்கும்போது அவருக்கு வயது 86. 17-ஆம் அதிகாரத்தில் விருத்தசேதனம் செய்துகொள்ளும்போது வயது 99. 22-ஆம் அதிகாரத்தில், மகன் ஈசாக்கைப் பலிகொடுக்கத் துணியும் சோதனை.

பவுல் கேட்கும் கேள்வி 15-க்கும் 17-க்கும் நடுவில் இருக்கிறது. நீதி கணக்கிடப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்பா, பின்பா? முன்புதான், அதுவும் பதின்மூன்று வருஷத்துக்குக் குறையாமல். ஆகவே விருத்தசேதனம் இல்லாத புறஜாதியாரும் ஆபிரகாமின் பிள்ளைகளே. ரோமர் 4 முழுக்க இந்தக் கணக்குதான். யாக்கோபு கேட்கும் கேள்வி 15-க்கும் 22-க்கும் நடுவில் இருக்கிறது. அன்று நம்பியவர், நெருக்கடி வந்தபோது அந்த நம்பிக்கைப்படி நடந்தாரா? நடந்தார். அதனால் 15-இல் சொன்னது 22-இல் நிறைவேறியது என்கிறார்.

அதாவது ஒருவர் வாசலைப் பற்றிப் பேசுகிறார்: யார் உள்ளே வரலாம்? இன்னொருவர் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்: வந்தவன் எப்படி வாழ்கிறான்?

சொற்களிலும் இந்த வித்தியாசம் தெரிகிறது. பவுல் பல முக்கியமான இடங்களில் வெறும் "கிரியை" என்று சொல்வதில்லை, "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்கிறார். யாக்கோபு அந்தத் தொடரை ஒரு தடவை கூடப் பயன்படுத்தவில்லை. இந்தத் தொடருக்கு என்ன பொருள்? சாக்கடல் சுருள்களில் எம்.எம்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒன்று 1994-இல் முறைப்படி பதிப்பிக்கப்பட்டது. அதில் இதே தொடர் எபிரேயத்தில் வருகிறது. அங்கே அது பலி, தூய்மை, தீட்டு போன்ற சடங்கு விதிகளில் எங்கள் குழு சரி, மற்றவர்கள் தவறு என்ற பட்டியல். அந்த விதிகளைக் கைக்கொண்டால் அது நீதியாகக் கணக்கிடப்படும் என்ற கருத்தோடு முடிகிறது. ஆபிரகாமைப் பற்றிய அதே சொல்லாட்சி! ஜேம்ஸ் டன் 1982-இல் ஓர் உரையில் இந்தத் திசையில்தான் வாதிட்டார். பவுல் எதிர்த்தது நற்செயல்களை அல்ல, விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் போன்ற "நாங்கள் வேறு, நீங்கள் வேறு" என்று காட்டும் அடையாளங்களை என்றார். 1977-இல் வந்த இ.பி. சாண்டர்ஸின் நூல் இதற்கு வழி போட்டிருந்தது.

இந்தப் புதுப் பார்வையை அப்படியே விழுங்கவும் முடியவில்லை. ரோமர் 4:4-5-இல் பவுல் கூலி வாங்கும் வேலையாளை உதாரணம் காட்டுகிறார். அது சடங்கு பற்றியது அல்ல, சம்பாதித்தல் பற்றியது. அங்கே லூத்தரின் வாசிப்புக்கு வலு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே பவுல்தான் ரோமர் 2-இல் அவனவன் செயலுக்குத் தக்க பலன் என்கிறார், கலாத்தியர் 5-இல் அன்பின் வழியாகச் செயல்படும் விசுவாசமே முக்கியம் என்கிறார். இந்தப் பவுலோடு யாக்கோபுக்குப் பெரிய தகராறு இருக்க முடியாது.

தமிழில் இது இன்னும் சுவாரசியமாகிறது. பழைய புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பில் இருக்கும் சொல் "கிரியை". சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி. அங்கே கிரியை என்றால் பூஜைச் சடங்கு. பேச்சில் "இறுதிக்கிரியை" என்கிறோம், அதுவும் சடங்குதான். ஆக, தமிழ்க் காதுக்குக் "கிரியை" என்ற சொல் பவுல் எதிர்த்த விஷயத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, யாக்கோபு வலியுறுத்திய விஷயத்துக்குப் பொருந்தவே இல்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவதை நாம் யாராவது "கிரியை" என்போமா? 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு "செயல்" என்று மாற்றியது. யாக்கோபுக்கு அதுதான் சரி.

"விசுவாசம்" கதை இதற்குத் தலைகீழ். பேச்சில் "முதலாளிக்கு விசுவாசமா இருக்கான்" என்றால் அவன் முதலாளி இருப்பதாக நம்புகிறான் என்று அர்த்தம் இல்லை. கைவிட மாட்டான், சொன்னால் செய்வான் என்று அர்த்தம். கிரேக்கச் சொல்லான பிஸ்டிஸுக்கும் நம்புதல், உண்மையாய் இருத்தல் என்ற இரண்டு பொருளும் உண்டு. பவுலின் விசுவாசம் இந்த முழுப் பொருளுக்கு நெருக்கமானது. யாக்கோபு தாக்குவது வெறும் ஒப்புதலை. கடவுள் ஒருவர் என்று பேய்களும்தான் ஒத்துக்கொண்டு நடுங்குகின்றன என்று கேலி செய்கிறார். பேய்க்கு "விசுவாசம்" இருக்கிறது என்று தமிழில் சொல்லும்போது இடிக்கிறதல்லவா? அந்த இடறலில்தான் அவருடைய வாதமே இருக்கிறது.

இதுவரை சொன்னது ஆய்வாளர்கள் வெவ்வேறு விதத்தில் பேசியதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த இரண்டு வாதமும் எந்தச் சம்பவத்தில் பிறக்கின்றன என்று பாருங்கள். கலாத்தியர் 2:16-இல் "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" மூன்று முறை வருகிறது. அதற்குச் சற்று முன்னால் என்ன நடக்கிறது? அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொள்கிறார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டிக்கிறார். விசுவாசத்தால் நீதி என்ற கோட்பாடு கலாத்தியரில் ஒரு பந்தித் தகராறிலிருந்துதான் கிளம்புகிறது.

யாக்கோபு 2 எப்படி ஆரம்பிக்கிறது? பொன்மோதிரம் போட்ட பணக்காரன் கூட்டத்துக்கு வந்தால் நல்ல இடம், அழுக்குத் துணி போட்ட ஏழை வந்தால் நின்றுகொள் அல்லது என் காலடியில் உட்கார். இதைக் கண்டித்துவிட்டுத்தான் செயலற்ற விசுவாசம் பற்றிப் பேசத் தொடங்குகிறார். ஒருவருக்குப் பந்தி, இன்னொருவருக்கு இருக்கை. இருவரும் கேட்பது ஒன்றுதான்: பக்கத்தில் யாரை உட்கார விடுவாய்?

இங்கேதான் நம் ஊர் வருகிறது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் லூத்தரன். விசுவாசத்தால் மட்டுமே என்ற கோட்பாடு அந்த வழியில்தான் தமிழுக்குள் அழுத்தமாக வந்தது. ஆனால் அந்த மிஷன் சபைகளில் சாதிக் கிறிஸ்தவர்களும் இன்று தலித் என்று சொல்லப்படுபவர்களும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபைகளில் விட்டுவிட வேண்டும் என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரில் கடும் எதிர்ப்பு. கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர். பின்னால் வந்த லைப்சிக் லூத்தரன் மிஷனும் இந்த விஷயத்தில் மென்மையாகவே நடந்துகொண்டது. வாதம் என்ன? சாதி ஒரு சமூக வழக்கம், விசுவாசத்தோடு சம்பந்தப்பட்டதல்ல.

பவுலின் பேரில் உருவான மரபு, பவுல் பேதுருவைக் கண்டித்த அதே செயலுக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறது. இதைவிடப் பெரிய வாசிப்புத் தவறு இருக்க முடியுமா?

செயலும் வேண்டும் என்ற கத்தோலிக்கத் தரப்பு தப்பித்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கோயிலில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் கட்டி, வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடுவில் சுவர் வைத்தார்கள். அந்தச் சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் செபமாலை உண்டு, நோன்பு உண்டு, தானதருமம் உண்டு. பக்கத்தில் உட்காருவது மட்டும் நற்செயல் பட்டியலில் இல்லை.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இந்த விஷயத்தில் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். அருளால், விசுவாசத்தில் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அதிலிருந்து நற்செயல்கள் பிறக்கின்றன என்பதே அதன் சாரம். நல்ல விஷயம்தான். ஆனால் எனக்கு அதில் குறையாகத் தெரிவது, இரு தரப்பும் தனிமனிதன் எப்படி மீட்படைகிறான் என்ற ஒரே கேள்விக்குள்ளேயே நின்று சமாதானமானதுதான். பந்தியும் இருக்கையும் அந்தச் சண்டையிலும் இல்லை, சமாதானத்திலும் மையமாக இல்லை.

நேரம் கிடைத்தால் கலாத்தியர் 2-ஐயும் யாக்கோபு 2-ஐயும் ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் எந்த விளக்கவுரையும் படிக்காமல், ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். மொத்தம் பத்து நிமிஷம் ஆகலாம். இருவரும் சண்டை போடுவதாக உங்களுக்குத் தோன்றினால் எந்த வசனத்தில் என்று சொல்லுங்கள், பேசலாம்.